கிளிக்னு சொன்னா நிறுத்துங்க, சார்!

சனி, ஞாயிறு வந்தா கடலூர் ரோட்டுல கன்னியக்கோயில், முள்ளோடை பக்கம் உள்ள பெட்ரோல் பங்க்குகளைப் பார்க்கணும். அந்தப் பக்கம் விழுப்புரம் ரோட்டுல மதகடிப்பட்டும் அப்படித்தான். பாதிக்குப் பாதி தமிழ்நாட்டு வண்டி. வரட்டும், அதுல தப்பே இல்ல. புதுச்சேரியில வாட் வரி குறைவு. 2025 ஜனவரியில கொஞ்சம் ஏத்தின பிறகும் தமிழ்நாட்டை விட லிட்டருக்குச் சில ரூபாய் கம்மியாத்தான் கிடைச்சுது. மிச்சம் பிடிக்கிறது உங்க உரிமை. எங்க ஊர்க் கடைக்காரனுக்கும் ரெண்டு டீ, நாலு இளநி கூட விக்கும்.

என் சண்டை அதோட இல்ல. கன்னு 'கிளிக்'னு நின்ன பிறகு நடக்குதே, அதோடதான்.

அந்தக் கிளிக் கேட்டதும் ரெண்டு விதமா சத்தம் வரும். டேங்க் நிறையறதுக்கு முன்னாலயே நின்னா, "என்னம்மா, அதுக்குள்ள கட் ஆகுது? அளவுல கை வைக்கிறீங்களா?" நிறைஞ்ச பிறகு நின்னா, "இன்னும் போகும், அமுக்கு. வாய் வரைக்கும் வரட்டும். ரவுண்டா போடு." ஒருத்தர் கிளிக்கைத் திருட்டுன்னு நினைக்கிறார். இன்னொருத்தர் அதை வெறும் இடைஞ்சல்னு நினைக்கிறார். ரெண்டு பேருக்கும் அந்தக் கிளிக் எங்கிருந்து வருதுன்னு தெரியல. தெரிஞ்சா ரெண்டு சத்தமும் அடங்கிடும்.

அந்தக் கன்னு மூக்கோட நுனியில, கீழ்ப்பக்கமா, ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அடுத்த தடவை பார்த்துக்குங்க. அந்த ஓட்டையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் உள்ளே கைப்பிடி வரைக்கும் போகுது. பெட்ரோல் வேகமா ஓடும்போது உள்ளே ஒரு குறுகலான இடத்தைத் தாண்டுது. அந்த ஓட்டமே காத்தை உறிஞ்சும். ஓட்டை திறந்திருக்கிற வரைக்கும் அந்த வழியா காத்து வந்துக்கிட்டே இருக்கும், ஒண்ணும் ஆகாது. பெட்ரோல் மேலே வந்து ஓட்டையை மூடிட்டா காத்து வராது. உறிஞ்சல் முழுக்க உள்ளே இருக்கிற ஒரு மெல்லிய சவ்வு மேல விழும். சவ்வு இழுபடும், கொக்கி விலகும், வால்வு மூடும். அதுதான் 'கிளிக்'. இதுல கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, பங்க் முதலாளியோட கையும் கிடையாது.

இதுல ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கணும். உங்க டேங்க்ல எத்தனை லிட்டர் இருக்குன்னு கன்னுக்குத் தெரியாது. தன் மூக்கு நனைஞ்சுதா இல்லையான்னு மட்டும்தான் தெரியும். மூக்கு நனைய டேங்க் நிறையணும்னு இல்ல. நுரை போதும். தெறிச்சு வர்ற எண்ணெய் போதும்.

குறுகின வாய்க் குடத்தைக் குளத்துல அமுக்கிப் பார்த்தவங்களுக்கு இது புரியும். குபுக் குபுக்குன்னு காத்து வெளியே வந்தாத்தான் தண்ணி உள்ளே போகும். கார் டேங்கும் குடம்தான். 30 லிட்டர் பெட்ரோல் உள்ளே போகணும்னா 30 லிட்டர் காத்தும் ஆவியும் வெளியே வந்தாகணும். அதுக்குத் தனியா ஒரு காத்துக் குழாய் இருக்கு. அதுல தூசி, சேறு அடைச்சிருந்தாலோ, ரொம்ப நாள் நிறுத்தி வச்ச வண்டியில குளவி மண் வச்சிருந்தாலோ, குழாய் மடங்கியிருந்தாலோ காத்து வெளியேற வழி இல்ல. வந்த பெட்ரோல் கழுத்துலயே எதிர்த்து ஏறும். மூக்கு நனையும். கிளிக்.

டீசலுக்கு நுரை இன்னும் ஜாஸ்தி. எங்க சொசைட்டியில பால் அளக்கும்போது நுரை அடங்கட்டும்னு நிப்பாங்க. அதே கதைதான் இங்கயும். காருக்கு ஊத்துற கன்னு நிமிஷத்துக்குச் சுமார் 40 லிட்டர் தள்ளும். லாரி, பஸ்ஸுக்கு வச்சிருக்கிற வேகப் பம்பு அதுல ரெண்டு மடங்கு வரைக்கும் தள்ளும். அந்தப் பம்புல போய் உங்க டீசல் காரை நிறுத்திட்டு, ஏன் கட் ஆகுதுன்னு கேட்டா என்ன சொல்றது? வாய்க்காலுக்குத் திறக்கிற தண்ணியைப் பாத்தியில திறந்தா கரை உடையத்தான் செய்யும்.

சரி, முன்னாடியே கட் ஆகுதா? கன்னை ஒரு விரல் அளவு வெளியே இழுக்கச் சொல்லுங்க. கொஞ்சம் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்க. வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்க. பெரும்பாலும் சரியாயிடும். ஆகலைன்னா ஒரு எளிய கணக்கு இருக்கு. எந்தப் பங்க்குக்குப் போனாலும் உங்க வண்டிக்கு மட்டும் கட் ஆகுதுன்னா கோளாறு வண்டியில. மெக்கானிக்கிட்ட காத்துக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்க. எந்த வண்டி வந்தாலும் அந்த ஒரு கன்னுல மட்டும் கட் ஆகுதுன்னா கோளாறு கன்னுல. ஓட்டை அடைச்சிருக்கும், இல்ல தேஞ்சிருக்கும். அதை மாத்த வேண்டியது முதலாளி. இந்த ரெண்டு கணக்குலயும் கன்னைப் பிடிச்சு நிக்கிற பொண்ணு எங்க வர்றா, சொல்லுங்க?

திருட்டே நடக்கலைன்னு நான் சொல்லல. 2017 ஏப்ரல்ல லக்னோவுல உத்தரப் பிரதேச சிறப்புப் படை போலீஸ் பங்க்குகள்ல சோதனை போட்டப்போ, பம்புக்குள்ள ரிமோட்டுல இயங்குற சில்லு வச்சு அளவைக் குறைச்சது பிடிபட்டுச்சு. ஊர் உலகமெல்லாம் பேசின சேதி. ஆனா அந்தத் திருட்டு எங்க இருந்துச்சு? பெட்டிக்குள்ள, அளக்குற இடத்துல. கன்னு மூக்குல இல்ல. மீட்டர் கன்னுக்கு முன்னாடியே இருக்கு. எண்ணெய் ஓடினா எண்ணும், நின்னா எண்ணாது. கிளிக்னு நின்னா கணக்கும் அதோட நிக்கும்.

சந்தேகம் வந்தா கத்த வேண்டாம், அளக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு பங்க்குலயும் முத்திரை குத்தின 5 லிட்டர் அளவுக் கலன் வச்சிருக்கணும். உங்க கண் முன்னால அதுல ஊத்திக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் கூடக்குறைய இருக்கலாம். அதுக்கு மேல குறைஞ்சா சட்ட முறை எடையளவுத் துறைக்குப் புகார் எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். ஊத்துறதுக்கு முன்ன மீட்டர் பூஜ்யத்துல நிக்குதான்னு பாருங்க. போனைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்துட்டு, கிளிக் கேட்டதும் கண்ணாடியை இறக்கிக் கத்துறது அளவைக் காப்பாத்தாது.

இன்னொரு புகாரும் வரும். "வண்டிப் புத்தகத்துல டேங்க் 37 லிட்டர்னு போட்டிருக்கு, நீங்க 39 லிட்டருக்குப் பில் போட்டிருக்கீங்க, எப்படி?" எப்படின்னா, வாய் வரைக்கும் அமுக்கச் சொன்னது நீங்கதானே சார்! புத்தகத்துல போட்டிருக்கிறது கம்பெனி நிரப்பச் சொன்ன அளவு. அதுக்கு மேல டேங்க்ல கொஞ்சம் இடம் சும்மா விட்டிருக்கும். கழுத்துக் குழாய் வேற இருக்கு. சும்மா விட்ட இடத்தையும் நிரப்பிட்டு, நிரம்பினது எப்படின்னு கேக்குறீங்க.

அந்த இடம் ஏன் சும்மா விட்டிருக்காங்க? பாகூர் ஏரிக்கரைக்கு வாங்க, காட்டறேன். ஏரிக்குக் கரை ஒரு உயரம், கலங்கல் அதைவிடத் தாழ்வு. கலங்கல் மட்டம் வந்தா ஏரி நிறைஞ்சதுன்னு அர்த்தம், கோடி போக ஆரம்பிச்சிடும். கரைக்கு இன்னும் இடம் இருக்கேன்னு யாராவது கலங்கல்ல மணல் மூட்டை அடுக்கினா ஊரே திரண்டு வந்து சண்டை போடும். ஏன்னா அந்த இடம் தண்ணிக்கு இல்ல, வெள்ளத்துக்கு. டேங்க்ல மிச்சம் இருக்கிற இடமும் அப்படித்தான். பூமிக்கடியில குளிர்ச்சியா கிடந்த பெட்ரோல் உங்க வண்டியில ஏறி வெயில்ல நிக்குது. 40 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினா அரை லிட்டருக்கு மேல விரியும். அது எங்க போகும்?

பெட்ரோல் காரா இருந்தா, அது போற இடத்துல ஒரு கரி டப்பா இருக்கு. டேங்க்ல எழும்புற ஆவியைப் பிடிச்சு வச்சு, எஞ்சின் ஓடும்போது அதுக்கே திருப்பிக் கொடுக்குற டப்பா. ஆவியைக் குடிக்கத்தான் அது இருக்கு, பெட்ரோலைக் குடிக்க இல்ல. வாய் வரைக்கும் அமுக்கினா பெட்ரோலே அதுக்குள்ள போயிடும். கரி நனைஞ்சு கெட்டா காத்து வழி அடைபடும். அடுத்த தடவை பெட்ரோல் போடும்போது அரை டேங்க்லயே கிளிக், கிளிக், கிளிக். போன மாசம் அமுக்கச் சொன்ன அதே ஆள் இந்த மாசம் "ஏமாத்துறீங்களா"ன்னு கேப்பார்!

கணக்கும் போட்டுப் பார்த்துடுவோம். கிளிக்குக்குப் பிறகு அமுக்கி அமுக்கி ஒன்றரை லிட்டர் கூடப் போட்டீங்கன்னு வச்சுக்குவோம். லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம்னா மொத்த லாபம் ஏழரை ரூபாய். சரியான ஏழரைதான். டப்பா போனா செலவு ஆயிரக்கணக்குல.

அதோட போனாப் பரவாயில்ல. சொட்டுச் சொட்டா மெதுவா அமுக்கும்போது ஓட்டம் பத்தாது, உறிஞ்சலும் பத்தாது. அதனால கிளிக் வராமலே போகலாம். பாதுகாப்பு எப்போ வேணுமோ அப்போதான் அது வேலை செய்யாது. வாய் வழிஞ்சு சிந்தும். காருக்குள்ள ஏ.சி. போட்டு உக்காந்திருக்கிற உங்களுக்கு வாசனைகூடத் தெரியாது. குனிஞ்சு, டேங்க் வாயிலிருந்து ஒரு முழ தூரத்துல முகத்தை வச்சு, "போதுமா சார்"னு பார்த்துக்கிட்டு நிக்கிறது எங்க தெருப் பொண்ணு. நடவு, களையெடுப்பு வேலை குறைஞ்ச பிறகு எங்க பக்கத்துப் பொண்ணுங்க நிறைய பேர் பங்க்குக்குத்தான் போறாங்க. எட்டு மணி நேரம் நின்ன காலோட நிக்கணும். பெட்ரோல் ஆவியில பென்சீன் இருக்கு. அது புற்றுநோய் தர்ற பொருள்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனமே உறுதியா வகைப்படுத்தியிருக்கு. உங்க ஏழரை ரூபாய்க்காக அந்தப் பொண்ணு ஒவ்வொரு வண்டிக்கும் கூட ஒரு நிமிஷம் அதை மூச்சுல இழுக்கணுமா? இழுத்த பிறகு திருடின்னு பேரும் வாங்கணுமா?

முதலாளிமாருக்கும் சொல்லிடறேன். தேஞ்ச கன்னை மாத்தாம, "நீயே சமாளி"ன்னு பொண்ணுங்களைத் திட்டு வாங்க விடாதீங்க. கிளிக்குக்கு மேல ஊத்த மாட்டோம்னு தமிழ்ல பெருசா ஒரு போர்டு எழுதி வைங்க. எழுதி வச்சதுல உறுதியா நில்லுங்க. வாடிக்கையாளர் கோவிச்சுக்குவார்னு பயப்படுறீங்க. அவர் கோவிச்சுக்கிட்டு எங்க போவார்? எல்லையைத் தாண்டினா விலை ஜாஸ்தி!

நகரத்து நண்பர்களே, உங்ககிட்ட கேக்குறது ரொம்பச் சின்ன விஷயம். "நூறுக்கு ரவுண்டா போடு"ன்னு அமுக்கச் சொன்னதெல்லாம் சில்லறை இல்லாத காலத்துப் பழக்கம். இப்போ போன்ல காசு கட்டுறீங்க. 2,347 ரூபாய் 60 காசுன்னாலும் ஒரே தட்டுதான். முதல் கிளிக் வந்ததும் "போதும்மா, மூடிடு"ன்னு சொல்லுங்க. முன்னாடியே கட் ஆனா "கொஞ்சம் மெதுவா விடும்மா"ன்னு சொல்லுங்க. அந்த 'ம்மா'வை விட்டுடாதீங்க, அதுக்குப் புதுச்சேரியிலயும் வரி கிடையாது.