சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

வாங்கிய பொருளின் விலையைவிட அதைச் சுமந்து வரும் கூலி அதிகமாகிவிட்டால், நம் பாட்டிமார் மேற்கண்ட பழமொழியைச் சொல்லிச் சிரிப்பார்கள். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அதுவே நினைவுக்கு வருகிறது. நாம் தேடிப் போவது ஒரு சிறு செய்தி. கூடவே வந்து இறங்குவதோ ஒரு விளம்பர மூட்டை. அம்மூட்டையின் சுமைகூலியை விளம்பரம் கொடுப்பவர் கட்டுவதில்லை, படிக்கிறவரே கட்டுகிறார் என்பதுதான் என் குறை.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இம்மலரின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். 'நல்வாழ்த்துகளுடன்' என்று ஜவுளிக்கடையும் நகைக்கடையும் புத்தகக்கடையும் விளம்பரம் தராவிட்டால், அச்சுக்கூலிக்கு நம் அருட்சகோதரிகள் எங்கே போவார்கள்? அவ்விளம்பரங்கள் தத்தம் இடத்தில் அமைதியாக இருக்கின்றன. நீங்கள் இக்கட்டுரையைப் படிக்கும்போது எந்த ஜவுளிக்கடையும் குறுக்கே வந்து நிற்பதில்லை. காகிதத்துக்கும் மைக்கும் ஆன பணத்தையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்.

இணையத்திலும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. 1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் ஹாட்வயர்டு என்ற இணைய இதழ் பட்டை விளம்பரங்களை முதன்முதலாக வெளியிட்டது. அவற்றுள் ஒன்று ஏடி அண்ட் டி என்னும் தொலைபேசி நிறுவனத்துடையது. வெறும் ஒரு சிறு படம், அவ்வளவே. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்ட கதை அதன் பிறகுதான் நடந்தது. திடீரென்று தனிச் சன்னலாக எதிரே வந்து விழும் விளம்பரத்துக்கு நிரல் எழுதிய ஈதன் சக்கர்மேன் என்பவர், 2014இல் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். (இத்துறையில் வேறு யாரும் மன்னிப்புக் கேட்டதாக நான் படித்ததில்லை!)

இன்று விளம்பரம் வெறும் படமாக வருவதில்லை. நாம் ஒரு பக்கத்தைத் தொட்டவுடன், அதிலுள்ள காலி இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று எங்கெங்கோ உள்ள கணினிகளுக்கிடையே ஓர் ஏலம் நடக்கிறது. ஏலம் நொடிப்பொழுதில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏலத்தை நடத்தும் நிரல்கள், வென்றவரின் படம் அல்லது காணொளி, நாம் அதைப் பார்த்தோமா என்று வேவு பார்க்கும் நிரல்கள் ஆகிய அனைத்தும் நம் டேட்டாவில்தான் வந்து இறங்க வேண்டும். நம் கைப்பேசியில்தான் ஓட வேண்டும். விலையுயர்ந்த புதுக் கைப்பேசி இதைச் சமாளித்துவிடும். ஐந்து ஆண்டுப் பழைய கைப்பேசியோ மூச்சுத் திணறி நின்றுவிடும்.

மூட்டையின் எடை எவ்வளவு என்பது 2018இல் தற்செயலாக வெளிப்பட்டது. அவ்வாண்டு மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில், மக்களின் சொந்தத் தகவல்களைத் திரட்டுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உடனே யுஎஸ்ஏ டுடே என்ற அமெரிக்க நாளிதழ், ஐரோப்பிய வாசகர்களுக்கென்று விளம்பரங்களையும் வேவு நிரல்களையும் நீக்கிய ஒரு தனிப் பதிப்பை வெளியிட்டது. கணினி அறிந்த ஒருவர் இரண்டையும் அளந்து பார்த்தார். வழக்கமான பக்கம் 5.2 எம்பி, ஐரோப்பியப் பக்கம் அரை எம்பி. முன்னது முழுவதும் திறக்க 45 விநாடிகளுக்கு மேல் ஆயிற்று, பின்னதற்கு 3 விநாடிகளே போதுமாயிருந்தன. அதே நாளிதழ்தான்! ஒரு ஜிபி டேட்டா வைத்திருப்பவர் முதல் வகைப் பக்கங்களில் ஏறத்தாழ 190 படிக்கலாம், இரண்டாம் வகையில் 2000 படிக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தோழியரே, நம்மில் எத்தனை பேர் வீட்டில் ஒரே கைப்பேசி? அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, அன்றைய டேட்டாவில் மிச்சம் இருப்பதைக் கொண்டு மாதிரி வினாத்தாள் தேடுகிறவர்கள் நாம். வினாத்தாள் தரும் ஒரு தளத்தில் 'பதிவிறக்கு' என்று மூன்று பச்சைப் பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டு விளம்பரம்! சரியான பொத்தானைக் கண்டுபிடித்து விரலை வைக்கும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் தாமதமாக வந்து சேர, பக்கம் முழுவதும் கீழே குதிக்கிறது, விரல் வேறெங்கோ படுகிறது. விளம்பரத்துக்குரிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் இக்குதிப்பு நேராது. கூகுள் நிறுவனம் 2020இல் நல்ல தளங்களுக்குரிய அளவுகோல்களை அறிவித்தபோது, பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் பலர் இதைச் செய்வதில்லை.

"விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள்ளேன்" என்கிறான் என் அண்ணன். போட்டுக்கொள்வதைத் திருட்டு என்று நான் கருதவில்லை. ஆனால் அது நல்ல விளம்பரம், கெட்ட விளம்பரம் என்று பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒழுங்காகத் தளம் நடத்தி, அதை எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்கும் சேர்த்துத்தான் அடி விழுகிறது.

எடைக்கு வரம்பு கட்டுவதே நேர்வழி என்று எனக்குத் தோன்றுகிறது. கூகுளின் குரோம் உலாவி 2020 முதல் அப்படி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நாம் தொடாத ஒரு விளம்பரம் 4 எம்பிக்கு மேல் இழுத்தால் அதை உலாவி அகற்றிவிடும். நல்ல முயற்சிதான், ஆனால் போதாது. அந்த ஐரோப்பியப் பக்கம் முழுவதுமே அரை எம்பிதானே? அதைப்போல் எட்டு மடங்கை ஒரே விளம்பரத்துக்கு விட்டுக்கொடுப்பது எந்த ஊர் நியாயம்? ஒரு பக்கத்தின் விளம்பரங்கள் எல்லாம் சேர்ந்தும் அதிலுள்ள கட்டுரையின் எடையைத் தாண்டக் கூடாது என்று வைக்கட்டும். அப்படி வைத்த பிறகு, பக்கம் திறக்கிறதா என்பதைத் தங்கள் அலுவலகத்துப் புதுக் கைப்பேசியில் சோதிக்க வேண்டாம். என் தந்தையின் கைப்பேசியில், இரவு எட்டரை மணிக்குச் சோதித்துப் பார்க்கட்டும்.