சாய்ப்புக் கூரையை முழுசாகப் பிரிக்க வேண்டுமா?

‘‘ஓட்டு வீட்டை ஒட்டி, பனங்கை போட்டு தகர ஷீட்டில் சாய்ப்பு இறக்கியிருக்கிறோம். அம்மாவும் பிள்ளைகளும் அதில்தான் படுக்கிறார்கள். காற்றடித்தால் கூரை கிறீச்சிடுகிறது. எல்லாவற்றையும் பிரித்து இரும்புக் குழாய் போடச் சொல்கிறார் ஆசாரி. பழுது பார்த்தால் போதாதா?’’

- வாசகர், மணமேல்குடி.

பெரும்பாலும் போதும். ஆனால், சோதித்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

கூரை என்றதும் பாரம் தாங்குமா என்றுதான் யோசிக்கிறோம். புயல் கூரையை அழுத்துவதில்லை, தூக்குகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசியது. அந்த வேகத்தில் 10-க்கு 10 அடி சாய்ப்பை மேலே தூக்கும் விசை, தோராயமாக 400 கிலோ. தகரத்தின் எடை 50 கிலோகூட வராது. மீதியைப் பிடித்து நிறுத்துவது கட்டும் போல்ட்டும்தான். ஒரு பக்கம் திறந்த சாய்ப்பு என்றால், காற்று உள்ளே புகுந்து இன்னும் வேகமாகத் தூக்கும்.

முதலில் பனங்கையைப் பாருங்கள். நடுப்பகுதி நன்றாகத் தெரியும். சுவருக்குள் புதைந்த நுனிதான் ஈரம் குடித்து உளுத்திருக்கும். சுத்தியலால் தட்டினால் ‘கணீர்’ என்று கேட்க வேண்டும். ‘பொத்’தென்று கேட்டால், திருப்புளியால் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. கரையான் மண்கோடு இருக்கிறதா என்று சுவரோரமும் பாருங்கள்.

நுனி மட்டும் கெட்டிருந்தால் முழுக் கையையும் மாற்ற வேண்டியதில்லை. கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, கெட்டதை அறுத்தெறிந்து, பக்கத்தில் புதுத் துண்டை வைத்து, நல்ல மரத்தின் மேல் இரண்டடி ஏறும்படி மூன்று போல்ட் போட்டு முடுக்குங்கள். வயிரம் ஏறிய பழைய பனங்கையை விறகாக்க எனக்கு மனம் வராது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்த பிறகு, அப்படி ஒரு கை சுலபத்தில் கிடைப்பதும் இல்லை. இரும்புக் குழாயும் கடலோரத்தில் சாசுவதமில்லை. உப்புக் காற்றில் உள்பக்கமாகத் துருவேறும். வெளியே பெயின்ட் பளபளக்கும்.

அடுத்து, பிடிமானம். ஆணி அடித்த கூரையை காற்று பிடுங்கிவிடும். ஒவ்வொரு கைக்கும் ஜி.ஐ. பட்டை சுற்றி, சுவரில் இரண்டடி கீழே இறக்கி, சுவரைத் துளைத்து போல்ட் போட வேண்டும். மேல் வரிசைச் செங்கலில் மாட்டினால் செங்கலோடு பெயர்ந்து வரும். முன்பக்கத் தூணிலும் இதேபோல விட்டத்தைப் பிணையுங்கள். ஷீட்டுக்கு ஜே போல்ட், தார் வாஷர். துளை மேட்டில் இருக்கட்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். இறவார ஓரத்தில் போல்ட்டை நெருக்கமாகப் போடுங்கள், காற்று முதலில் பிடிப்பது அங்கேதான்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கைகள் உளுத்திருந்தாலோ, சுவரே விரிசல் விட்டிருந்தாலோ ஆசாரி சொல்வதுதான் சரி. எதுவானாலும் ஐப்பசி மழைக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். அதுவரை காற்று பலமாக இருக்கும் இரவுகளில் அம்மாவையும் பிள்ளைகளையும் உள்வீட்டில் படுக்கச் சொல்லுங்கள்.