திறன்பேசியைத் திருத்துவோர் தெரிந்து செய்க

வங்கியிலும் அஞ்சலகத்திலும் வரிசையில் நின்று பெற்றவற்றுள் பலவற்றை இன்று உள்ளங்கையில் அடங்கும் திறன்பேசி தந்துவிடுகிறது. கல்வி உதவித்தொகை வந்த செய்தியும், தேர்வு முடிவும், கடல் கடந்து உழைக்கும் தந்தையின் குரலும் அதன் வழியே வந்து சேர்கின்றன. அக்கருவி சில ஆண்டுகளில் தளர்ந்துவிட்டால், புதியது வாங்க வசதியற்ற மாணவர் அதன் உள்ளமைப்பைத் தாமே மாற்றிப் புதுப்பிக்க முனைவது இயல்பே. இதனைப் பெரியோர் சிலர் வீண் விளையாட்டு என்பர். இளைஞர் சிலர் வீரம் என்பர். இரண்டு கூற்றும் பொருந்தா. எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்னும் தெளிவே இங்கு வேண்டப்படுவது.

நான்கு செயல்கள்

மாணவர் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடும் செயல்கள் உண்மையில் நான்கு. கருவியின் தொடக்கப் பூட்டாகிய பூட்லோடரைத் திறத்தல் ஒன்று. நிறுவனம் தந்த நிலைபொருளை நீக்கி வேறொன்றை நிறுவுதல் இரண்டு. ‘கஸ்டம் ரோம்’ என்று வழங்குவது இதுவே. கருவியின் முழு அதிகாரத்தையும் கைக்கொள்ளும் ‘ரூட்’ மூன்று. செயலியை அதற்கு விதித்த வேகத்திற்கு மேல் ஓட்டும் ‘ஓவர்கிளாக்’ நான்கு. முதலிரண்டைச் செய்பவர் பின்னிரண்டையும் செய்தே ஆகவேண்டும் என்பதில்லை. இன்று பலரும் நாடும் லினேஜ் ஓஎஸ் என்னும் நிலைபொருள், ரூட் அதிகாரத்தைத் தன்னுடன் சேர்த்துத் தருவதில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

தோற்றமும் வளர்ச்சியும்

ஆண்ட்ராய்டின் முதல் திறன்பேசியான எச்டிசி டிரீம் 2008இல் வெளிவந்தது. அதனை ஒட்டி 2009இல் ஸ்டீவ் கோண்டிக் என்பவர் தொடங்கிய சயனோஜென்மாட், உலகெங்கும் தன்னார்வலர் கூடி வளர்த்த பெரும்பணியாயிற்று. 2016 திசம்பரில் அது நின்றபோது, அதன் மூல நிரலை எடுத்துக்கொண்டு லினேஜ் ஓஎஸ் தொடர்ந்தது. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் வெறுங்கட்டங்களாகத் தெரிந்த காலத்தில், எழுத்துருவைச் சேர்ப்பதற்காகவே கருவியை ரூட் செய்தோர் நம்மிடையே உண்டு. ஆகவே இம்முயற்சி பயனற்றது என ஒதுக்குதல் அறிவுடைமையாகாது.

நிலைபொருளைத் தேர்தல்

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் சுவடிகள் பலவற்றைத் தேடி ஒப்பிட்டார். கிடைத்த முதற்சுவடியே போதும் என்று அவர் அமையவில்லை. நிலைபொருளைத் தேர்வோருக்கும் அப்பொறுமை வேண்டும். பெயர் ஒன்றாயினும் உள்ளுறுப்பு வேறாகலாம். 2021இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்21 இந்தியாவில் எக்சினாஸ் செயலியுடனும், அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் செயலியுடனும் விற்கப்பட்டது. ஒன்றுக்குரிய நிலைபொருளை மற்றொன்றில் ஏற்றினால் கருவி உயிரற்ற கல்லாகிவிடக்கூடும். எனவே விளம்பரப் பெயரை நம்பாது மாதிரி எண்ணை நோக்குக. அம்மாதிரியைப் பேணுவோர் இன்றும் பணிபுரிகின்றனரா, பாதுகாப்புத் திருத்தங்கள் காலந்தோறும் வருகின்றனவா, எவை வேலை செய்யவில்லை என்பதை வெளிப்படையாகக் கூறியுள்ளனரா என்று ஆராய்க. இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டபின்னரே நிறுவுக.

இழப்புகளையும் முன்னரே எண்ணவேண்டும். பூட்லோடரைத் திறந்தால் கருவியிலுள்ள தரவு அனைத்தும் அழியும். ஆதலின் படங்களையும் குறிப்புகளையும் முன்னதாக வேறிடத்தில் படியெடுத்து வைக்கவேண்டும். வங்கிச் செயலிகள் சில, திறக்கப்பட்ட கருவியில் இயங்க மறுக்கும். சாம்சங் கருவிகளில் நாக்ஸ் என்னும் காப்பு ஒருமுறை முறிந்தால் மீளாது. பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் காப்பு சில கருவிகளில் உண்டு. அதனை அறியாது பின்னோக்கிச் சென்றால் கருவி எழாது. மோடம் போன்ற உறுப்புகளுக்கு நிறுவனம் தரும் மென்பொருளைத் தன்னார்வலரால் திருத்தவும் இயலாது. ரூட் அதிகாரம் பெற்ற செயலி ஒன்று தீயதாயின், வீட்டின் எல்லா அறைகளுக்கும் உரிய சாவிக்கொத்தை அந்நியன் கையில் கொடுத்தது போலாகும்.

வேகம் என்னும் மயக்கம்

ஓவர்கிளாக் செய்வதை மட்டும் யான் உடன்படேன். காரணம் எளிய கணக்கு. செயலி உண்ணும் மின்திறன் அதன் அதிர்வெண்ணோடும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் சேர்ந்து உயர்கிறது. அதிர்வெண்ணை 20 விழுக்காடு உயர்த்தி, அது தடுமாறாதிருக்க மின்னழுத்தத்தை 10 விழுக்காடு கூட்டினால், மின்திறன் ஏறத்தாழ 45 விழுக்காடு பெருகும். பெறும் வேகமோ மிகுந்தால் 20 விழுக்காடே. திறன்பேசிகள் பெரும்பாலானவற்றில் விசிறி இல்லை. வெப்பம் ஏறியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வாங்கிய வேகம் அங்கேயே பறிபோக, லித்தியம் மின்கலம் மட்டும் வெப்பத்தால் விரைந்து முதுமையடையும்.

எச்டிசி டிரீமில் வேகத்தை உயர்த்தினரே எனின், 528 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கவல்ல அதன் சில்லு 384 அளவிலேயே ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தது. அங்கே உயர்த்தியது இயல்பான எல்லைக்குள் அடங்கியது. இன்றைய செயலிகளோ பெரும்பாலும் தம் எல்லையை ஒட்டியே விற்பனைக்கு வருகின்றன. மேலும், பழைய கருவியின் மந்தத்திற்குக் காரணம் பல வேளைகளில் நினைவகக் குறைவும், நிரம்பிய சேமிப்பகமும், தேய்ந்த மின்கலமுமே. மின்கலத்தை மாற்றி, வேண்டாத செயலிகளை நீக்கினாலே பலருக்குப் போதும்.

அன்றாடத்திற்குத் தேவைப்படாத பழங்கருவியில் ஆய்வுக்காகச் செய்வோர், சிறிது சிறிதாக உயர்த்துக, மின்னழுத்தத்தைத் தொடாதிருக்க, வெப்பக் காப்பை ஒருபோதும் நிறுத்தாதிருக்க. நாட்கணக்கில் சோதித்தாலன்றி, கருவி எழும்போதே புதுவேகம் பொருந்தும்படி அமைத்தலும் தகாது; பொருந்தா வேகமாயின் கருவி எழுந்தெழுந்து வீழும்.

முடிவாக

திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல் ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆட்சிக்கு வேண்டிய அம்மூன்றும் இச்சிறு கருவிக்கும் வேண்டும். நிறுவனம் கைவிட்ட திறன்பேசிக்குத் தக்க நிலைபொருளால் மேலும் சில ஆண்டு வாழ்வு தருவது சிக்கனம். குப்பையைக் குறைக்கும் நற்செயலுமாம். ஆனால் குடும்பத்தின் ஒரே கருவியை, வேகப்போட்டியில் வெல்வதற்காகப் பணயம் வைத்தல் தகாது. அது பெற்றோர் உழைப்பில் வந்த பொருள் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. அறிந்து செய்யும் மாணவரைத் தடுக்காது, உடனிருந்து வழிகாட்டுதல் ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் கடன்.