மலைப்பாதை மூடப்படுவது ஏன்?

திருவனந்தபுரத்தின் கிழக்கே 1868 மீட்டர் உயரத்தில் ஓங்கி நிற்பது அகத்தியர்கூடம். அகத்திய முனிவர் வாழ்ந்ததாக நம்பப்படும் இம்மலைப் பகுதியைத் தமிழர் பொதிகை எனப் போற்றுவர். இம்மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் தாமிரபரணி பிறந்து நெல்லைச் சீமையை வளப்படுத்துகிறது. மேற்சரிவில் நெய்யாறு பிறந்து கேரள மண்ணை நனைக்கிறது.

இம்மலையின் உச்சியைக் காண விரும்புவோர் பலர். ஆயினும், போணக்காட்டில் தொடங்கும் பாதை ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. தை மாதத்தை ஒட்டிச் சில வாரங்கள் மட்டுமே கேரள வனத்துறை பொதுவாக இசைவு அளிக்கிறது. ஒரு நாளில் செல்வோரின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. "கோடை விடுமுறையில்தான் ஓய்வு கிடைக்கிறது, அப்போது பாதையை மூடுவது முறையா?" எனச் சிலர் வினவுகின்றனர். வினா இயல்பானதே. ஆனால், விடையைக் கூற வேண்டியது நாட்காட்டியன்று, மலையே ஆகும்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாதங்களில் பாறைகள் வழுக்கும், ஓடைகள் பெருக்கெடுக்கும், அட்டைகள் மொய்க்கும். தையில் பாதை உலர்கிறது. ஓடைகளில் நீரும் எஞ்சியிருக்கிறது. மாசியின் பிற்பகுதியிலும் பங்குனியிலும் நிலை மாறுகிறது. புல்வெளி காய்ந்து பொன்னிறமாகிறது, சருகுகள் குவிகின்றன. நீர் குறைவதால் யானை முதலிய விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளை நாடுகின்றன. கண்ணுக்கு இனிய இக்காலமே காட்டுத்தீக்கு உரிய காலமும் ஆகும்.

மலைச்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பரவும். கீழே எரியும் தழல், மேலேயுள்ள புல்லை முன்னரே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. காற்றும் துணைசேர்ந்தால், சரிவில் ஏறி ஓடும் மனிதரைத் தீ எளிதில் முந்திவிடும். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நேர்ந்தது இதற்குத் துயரச் சான்று. மலையேற்றம் முடித்து இறங்கிக்கொண்டிருந்தோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளைஞர்கள். மலையை நேசித்துச் சென்றவர்கள். நேசம் மட்டுமே காவலாகாது என்பதை அந்நாள் உணர்த்தியது.

பாதை மூடப்படுவதால் இழப்பு எவருக்கும் இல்லை எனக் கூற இயலாது. அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணி மக்களுள் சிலர் மலையேறுவோருக்கு வழிகாட்டிப் பொருள் ஈட்டுகின்றனர். பாதை மூடப்பட்டதும் அவ்வருவாய் நின்றுவிடுகிறது. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த அவர்களுக்கு, அம்மாதங்களில் தீத்தடுப்புப் பணியை உரிய ஊதியத்துடன் வழங்குவதே நீதி. அவ்வாறு செய்தால் காடும் காக்கப்படும். காட்டை அறிந்தோரின் வாழ்வும் காக்கப்படும்.

திருவனந்தபுர நகர மக்கள் பருகும் நீரைத் தரும் கரமனை ஆறும் இம்மலைக் காடுகளிலிருந்தே வருகிறது. ஒருவர் அணைக்காமல் எறியும் தீக்குச்சி, மலையை ஒருபோதும் கண்டிராத ஒரு குழந்தையின் குடிநீரையும் பாதிக்கக்கூடும். ஆகவே, மூடிய பாதையின் முன்னே நின்று திரும்புவது தோல்வியன்று. அடுத்த தையில் பசுமை மாறாத மலையைக் காண்பதற்கான காத்திருப்பே ஆகும்.

சிந்தித்து எழுதுக: கோடையில் மலைப்பாதையை மூடுவது குறித்து உம் கருத்து யாது? இரண்டு காரணங்களுடன் விளக்குக.