நல் என்றால் நல்லது இல்லை

போன வாரம் ஆபீஸ் டீ டைமில் சண்டை. பேச்சு எப்படியோ மணல்மேட்டு வெட்டுக்கிளிகள் பக்கம் போனது (நான்தான் இழுத்தேன், வேற யாரு). நண்பர் சொல்கிறார், "சிவப்புப் பட்டியல்ல 'தரவு போதவில்லை'ன்னுதானே போட்டிருக்கான்? அப்புறம் என்னய்யா ஆபத்து?" சொல்லிவிட்டு பஜ்ஜியைக் கடிக்கிறார்.

மக்களே, இவர் பத்து வருஷமா டேட்டாபேஸில் குப்பை கொட்டுகிறவர்! நல்லுக்கும் சைபருக்கும் வித்தியாசம் தெரியாத ஃப்ரெஷரை இவரே வறுத்தெடுத்திருக்கிறார். (தமிழில் எழுதினால் 'நல்' ஏதோ நல்லது மாதிரியே தெரியுது, அதான் வினையே.) பட்டியல் போடும் ஐ.யூ.சி.என்.னே 'தரவு போதவில்லை' என்றால் ஆபத்தில்லை என்று எடுத்துக்காதீங்க என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. யார் படிக்கிறா?

கலிஃபோர்னியாவில் சான் ஹோவாகின் ஆற்றங்கரையில் ஆன்டியாக் என்று ஒரு ஊர். நூறடிக்கு மேல் உயர்ந்த மணல்மேடுகள் அங்கே இருந்தன. 1906 பூகம்பத்துக்கு அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோவைத் திரும்பக் கட்ட, செங்கல்லுக்காக அள்ளு அள்ளுன்னு அள்ளினார்கள். 1937-ல் யாரோ அங்கே மீசை நீண்ட ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துக் குண்டூசியில் குத்தி வைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1977-ல் டேவிட் ரென்ட்ஸ் என்ற பூச்சியியலாளர் அது தனி இனம் என்று சொல்லி வைத்த பெயர் நெடுபா எக்ஸ்டிங்டா. பெயரிலேயே 'அற்றுப்போனது'. பேர் வைத்த அன்றைக்கே கருமாதி! மிச்ச மணலைச் சரணாலயமாக்கியது 1980-ல். அதுவும் ஒரு பட்டாம்பூச்சிக்காகவும் ரெண்டு செடிக்காகவும்.

"எல்லாப் பூச்சியையும் யாரு சார் எண்ணுறது?" நியாயமான கேள்விதான். எல்லாத்தையும் எண்ணச் சொல்லவில்லை. மணலில் பொக்லைன் இறங்குறதுக்கு முன்னாடி சரியான மாதத்தில் போய்த் தேடுங்கள் என்கிறேன். வெட்டுக்கிளிகளில் பல இனங்கள் வளர்ந்த நிலையில் வருஷத்துக்குச் சில மாதம்தான் கண்ணில் படும். தப்பான மாதத்தில் போய் 'ஒண்ணும் இல்லை' என்று எழுதினால் அதுவும் சைபர் இல்லை, நல்தான். மணல் அள்ளுகிறவனிடம் யாரும் தரவு கேட்பதில்லை. பூச்சிதான் தன் ஆபத்தை நிரூபிக்க வேண்டுமாம். எந்த ஊர் நியாயம் இது?

ஆன்டியாக் வெட்டுக்கிளிக்கு இன்றைக்குச் சிவப்புப் பட்டியலில் குழப்பமே இல்லாத இடம் இருக்கிறது. அற்றுப்போனவை வரிசையில். நண்பருக்கு இப்போ தரவு போதுமாயிருக்கும்.