பாட்டும் வாடகைக்கா?

மக்களே, தலைப்பைப் பார்த்து வீட்டு வாடகைப் புலம்பல்னு நினைச்சுடாதீங்க. மும்பைக்காரன் அதையும் புலம்புவான், இன்னொரு நாள் :-)

எங்க செம்பூர் வீட்டுல ஹாலுக்கும் அம்மா அறைக்கும் பன்னிரண்டு அடி இருந்தா அதிகம். ஹால்ல இருக்குற பொட்டியில ஓடுற பாட்டு அம்மா அறையில கேக்கணும். அவ்வளவுதான் விஷயம். அதுக்கு எங்க கட்டிடத்து நண்பர் ஒருத்தர் சொல்றார், "எதுக்கு சார் இந்த வேண்டாத வேலை? மாசம் பணம் கட்டுங்க, பத்து கோடி பாட்டு!"

பத்து கோடியில எங்கப்பா கேசட் இல்லையே, ஐயா!

தாராவியில இருந்த காலத்துல அப்பா வருஷா வருஷம் ஊர்க் கொடைக்குப் போகும்போது டேப் ரெக்கார்டரைத் தூக்கிட்டுப் போவார். வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், ஒவ்வொரு கேசட்டோட ஆரம்பத்துலயும் அவரே தேதி சொல்ற குரல். மொத்தம் 60 கேசட், தலா ஒரு மணி நேரம். சிடி தரத்துல நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி, ஆக 36 ஜிபி. ஃபிளாக்ல சுருக்கினா சட்டைப்பை பென் டிரைவுல அடங்கிடும். இதை எந்த ஆப்பு எனக்குத் தரும்?

வீட்டு வைஃபை தாங்காதுன்னும் சிலர் பயமுறுத்துறாங்க. நல்ல எம்பி3 பாட்டுக்கு 320 கேபிபிஎஸ் போதும். 1999-ல வந்த வைஃபைக்கே 11 எம்பிபிஎஸ்னு பேர். அதுல பாதி கிடைச்சாலும் வீட்டுல ஆளுக்கொரு பாட்டு கேக்கலாம்.

2003 ஏப்ரல்ல ஆப்பிள் ஐடியூன்ஸ் 4-ல, ஒரு கணினியில இருக்குற பாட்டை இன்னொண்ணுல கேக்குற வசதி வந்துச்சு. ஜனங்க இணையம் வழியாவும் கேக்க ஆரம்பிக்கவே, அடுத்த மாசமே வீட்டு நெட்வொர்க்குக்குள்ள மட்டும்னு சுருக்கிட்டாங்க. சுருக்கினவங்களுக்கே வீட்டுக்குள்ள கேக்குறது தப்பாத் தெரியலை. நமக்குத்தான் இப்ப அது பழைய பஞ்சாங்கம்!

சரி, வாடகைப் பாட்டாவது நிக்குதா? 2019-ல ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த கொஞ்ச நாள்லயே சரிகம நிறுவனத்தோட வழக்கு. பழைய எச்எம்வி பாட்டுங்க மொத்தமும் அங்கேருந்து காணாமப் போய், அடுத்த வருஷம்தான் திரும்புச்சு. விங்க் 2024-ல கடையையே மூடிடுச்சு. அதுல பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த பட்டியலுக்கு யார் பொறுப்பு?

மறுபக்கம் பாருங்க. ஸ்குவீஸ்பாக்ஸ்னு வீட்டுக்குள்ள பாட்டு அனுப்புற கருவி. லாஜிடெக் 2012-லயே அதைக் கைவிட்டாச்சு. ஆனா அதோட சர்வர் மென்பொருள் திறமூலம்ங்கிறதால இன்னிக்கும் லிரியன்ங்கிற பேர்ல உயிரோட இருக்கு. எங்க வீட்டுல ஓடுறது அதான். லாமிங்டன் ரோட்டுல வாங்கின பழைய பொட்டி, தங்கமணி பாஷையில "அந்தக் குப்பை".

புதுப் பாட்டுக்கு நானும் ஆப்புதான் வச்சிருக்கேன், ஒளிக்கலை. பஸ்ல போறப்ப வாடகை சரி. அதுக்காக சொந்த வீட்டையே காலி பண்ணணுமா?

போன வாரம் அம்மா 1987 கொடை கேசட்டைக் கேட்டுக்கிட்டு இருந்தப்ப நம்ம பத்து கோடி நண்பர் வந்தார். அப்பா தேதி சொன்னதும் உக்காந்தவர், ஒரு பக்கம் முடியுற வரைக்கும் எழுந்திரிக்கலை. அவரும் நெல்லைப் பக்கம்தான். அவர் வீட்டுப் பரண்லயும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட் கிடக்காம். ஞாயிற்றுக்கிழமை என் டேப் டெக்கைத் தூக்கிட்டுப் போறேன். பெல்ட் தளர்ந்து கிடக்கு, அதை மட்டும் முன்னாடியே மாத்தணும்.