ஒரு லென்ஸ் போதும்

சென்ற மாதம் லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது நண்பரின் மகன் என்னைப் பிடித்துக்கொண்டான். "மாமா, பழைய மமியா சி330 காமிரா ஒன்று 80 மில்லிமீட்டர் லென்ஸோடு கிடைத்தது. அடுத்து 65 வாங்கலாமா, 135 வாங்கலாமா? கையில் பணம் கொஞ்சம்தான்" என்றான். "இரண்டும் வேண்டாம், பிலிம் வாங்கு" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. தெருவில் நின்று விளக்க முடியாத காரணத்தை இங்கே எழுதுகிறேன். பிலிம் காமிரா மீது ஆசை கொண்டுள்ள நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவலாம்.

120 என்ற பிலிம் 1901-ல் வந்தது. இன்றும் கிடைக்கிறது. ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள். ஒவ்வொரு நெகடிவும் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் சதுரம்; 35 மி.மீ. பிலிமைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு. இதன் மூலைவிட்டம் சுமார் 79 மி.மீ. ஆகவே 80 மி.மீ. லென்ஸ்தான் இதற்கு இயல்பான லென்ஸ். அதைக் காமிராவோடு சேர்த்தே விற்பதால் மலிவாகவும் கிடைக்கிறது.

நெகடிவ் பெரிது என்பதால் லென்ஸின் சிறு குறைகள் படத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. யாஷிகா மேட் 124ஜி-யில் இருப்பது நான்கு கண்ணாடிகள் கொண்ட, கழற்ற முடியாத 80 மி.மீ. லென்ஸ். துவாரத்தை எஃப் 8-க்குக் குறுக்கி எடுத்தால், பத்து அங்குலப் பிரிண்டில் அதையும் விலையுயர்ந்த ஜெர்மன் லென்ஸையும் பிரித்துச் சொல்வது கடினம்.

ரயில்வேயில் ஓர் இயந்திரம் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்க மாட்டோம். பராமரிப்புச் செலவையும் சேர்த்துக்கொள்வோம். மமியா சி330, ஹாசல்பிளாட் 500 வரிசை போன்றவற்றில் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனி ஷட்டர் உண்டு. மூன்று லென்ஸ் வாங்கினால் மூன்று ஷட்டர்களைக் காப்பாற்ற வேண்டும்.

அதோடு நம் கொல்கத்தாவின் ஈரக்காற்று! மழைக்காலத்தில் பீரோவில் பூட்டி வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்குமுன் துவாரத்தை முழுதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். நூலாம்படை போல் தெரிந்தால் பூஞ்சை. பால் படர்ந்தாற்போல் இருந்தால் மங்கல். இரண்டும் வேண்டாம். நாலு தூசியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து அழுத்திக் காதால் கேளுங்கள்; நடுவில் திக்கக் கூடாது. துவாரத் தகடுகளில் எண்ணெய் இருக்கக் கூடாது. வாங்கிய பின் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து, வாரம் ஒருமுறையாவது வெளியே எடுங்கள்.

இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவை. 1998-ல் அம்மாவை அழகாகப் படமெடுக்க வேண்டுமென்று ஆறு மாதம் பணம் சேர்த்து 150 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே பூஞ்சை. பழுது பார்க்கக் கொடுத்தேன். இன்று, நாளை என்று மாதங்கள் போயின. அது திரும்பி வருமுன் அம்மா போய்விட்டாள். அத்தனை நாளும் என் 80 மி.மீ. லென்ஸ் வீட்டில் சும்மாதான் கிடந்தது. இன்று கூடத்தில் மாட்டியிருக்கும் அம்மா படம், அப்பா பழைய அக்ஃபா க்ளிக் காமிராவில் எடுத்தது. மிக எளிய லென்ஸ்தான். ஆனால் அம்மா சிரிக்கிறாள்.

அப்படியானால் இரண்டாவது லென்ஸே கூடாதா என்று கேட்கலாம். பத்து ரோல் எடுங்கள். லென்ஸ் இல்லாததால் எந்தப் படம் கெட்டது என்று குறித்து வையுங்கள். சிறிய அறையில் எல்லோரும் அடங்கவில்லை என்பதே அடிக்கடி வந்தால் 65 வாங்கலாம். முகத்தை நெருங்க முடியவில்லை என்றால் 135. பெரும்பாலும் இரண்டடி முன்னே நகர்ந்தாலே போதுமானதாக இருக்கும்.

நம் பகுதியில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. ஊரை விட்டு வந்து இங்கே வேரூன்றிய பெரியவர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள். தம்பி, இருக்கிற லென்ஸோடு இந்த ஞாயிற்றுக்கிழமை உன் பாட்டியை ஜன்னலோரம் உட்கார வை. அடுத்த லென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.